ஊசி முனையில் ஒரு எலக்ட்ரான்

நேயர்களுக்கு வணக்கம்.

கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, மூலக்கூறுக்குள் ஓடும் எலக்ட்ரானுக்கு அது ஒரு யுகம். அதன் கணக்கெல்லாம் அட்டோ நொடியில்தான். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறு கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு அட்டோ நொடி. இந்த அளவில் ஒளித்துடிப்புகளை உண்டாக்க வழி காட்டியதற்காகத்தான் 2023இல் அகோஸ்தினி, கிராவுஸ், லுயிலியே மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. செய்தி வந்தபோது ஆன் லுயிலியே ஸ்வீடனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். போனில் பேசிவிட்டு, திரும்பிப் போய் மீதிப் பாடத்தையும் முடித்தார்!

சரி, நேரம் பிடிபட்டது. இடம்? ஒளியின் அலைநீளம் பல நூறு நானோமீட்டர். மூலக்கூறோ ஒன்றிரண்டு நானோமீட்டர். எலக்ட்ரான் எந்த மூலையில் இருந்தது என்பதைச் சாதாரண லென்ஸ் காட்டாது. அங்கேதான் ஊசி வருகிறது. 1981இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கி எதையும் பார்ப்பதில்லை, தடவி அறிகிறது. அணு அளவுக்குக் கூரான முனையை மூலக்கூறின் மேல் தொடாமல் நிறுத்தினால், இடைவெளியை எலக்ட்ரான்கள் தாண்டி வரும்; அதுதான் மின்னோட்டம். முனை நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மணீஷ் கார்க், கிளவுஸ் கெர்ன் குழுவினர் ஊசியையும் லேசரையும் சேர்த்தார்கள். எடுத்துக்கொண்டது ஒரு சிவப்பு நிறமியின் மூலக்கூறு. லேசரின் முதல் ஒளித்துடிப்பு எலக்ட்ரானை உலுக்கிவிடும். சற்றுத் தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கும்.

அந்தத் தாமதத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? இரண்டாவது துடிப்பைப் பிரதிபலித்துத் திருப்பும் ஒரு கண்ணாடியால்! அதை 0.15 மைக்ரோமீட்டர் பின்னால் நகர்த்தினால் ஒளி போய்வரும் தூரம் 0.3 மைக்ரோமீட்டர் கூடும். ஆயிரம் அட்டோ நொடித் தாமதம் கைக்கு வந்துவிடும். எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. லேசர் சூடு ஏறி இறங்கினால் ஊசி கொஞ்சம் நீண்டு சுருங்கும். மின்னோட்டம் துள்ளும். துள்ளியது எலக்ட்ரானாலா, ஊசியாலா என்று பிரித்தறிவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம், நாளிதழில் 'எலக்ட்ரானின் படம்' என்று போடுகிறார்களே, அது ஒரே ஓட்டத்தை எடுத்த சினிமா அல்ல. ஒரே தாமதத்தில் லட்சக்கணக்கான முறை உலுக்கி, விசாரித்துச் சேர்த்த சராசரி ஒரு புள்ளி. அடுத்த புள்ளிக்குக் கண்ணாடியை இன்னும் துளி நகர்த்த வேண்டும்.

வணக்கம்.