அண்ணே, கோசோங் ஒன்று!

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரில் நள்ளிரவு தாண்டிப் பசித்தாலும் அடுப்பு அணையாத இடம் மாமாக் கடை. நம் 'மாமா'தான் மலாய்க்காரர் வாயில் 'மாமாக்' ஆனார். இராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கமிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கடைகள் இவை. சீனரும் மலாய்க்காரரும்கூடப் பரிமாறுபவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் திரும்பிப் பார்க்கும் அண்ணன் வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம். அதனால் நாலைந்து மலாய்ச் சொற்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் தேநீர். வெறுமனே 'தே' என்றால் சர்க்கரை சேர்த்த டின் பால் கலந்தது வரும். 'தே ஓ' என்றால் பால் இருக்காது, சர்க்கரை இருக்கும். இரண்டும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. கோசோங் என்றால் வெறுமை. தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், இனிப்பதே அந்த டின் பாலால்தான். 'கூராங் மானிஸ்' என்று இனிப்பைக் குறைக்கச் சொன்னால் பாலும் குறையும், தேநீர் நீர்த்துப்போகும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்பவர்கள் 'தே சி கோசோங்' கேட்கலாம். அதில் சர்க்கரை சேர்க்காத டின் பால் ஊற்றுவார்கள்.

அடுத்தது ரொட்டி சானாய். இங்கே கோசோங் என்றால் முட்டை, வெங்காயம் எதுவும் சேர்க்காத வெறும் ரொட்டி. நம் பரோட்டாவுக்கு உறவுதான், ஆனால் மெலிசு. ஒரு கிலோ மைதாவுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் டின் பால். பிசைந்து உருட்டி, எண்ணெயிலோ மார்ஜரினிலோ ஆறேழு மணி நேரம் ஊறவிடுவார்கள். ஊறாத மாவை வீசினால் ரப்பர் மாதிரி சுருங்கும், இல்லையேல் கிழியும். சுட்டெடுத்த கையோடு இரண்டு பக்கமும் தட்டி நொறுக்கினால்தான் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறி மடிப்புகள் பிரியும். கூட்ட நேரத்தில் அரைவேக்காட்டில் சுட்டு அடுக்கிவைத்து, கேட்கும்போது சூடுகாட்டித் தரும் கடைகளும் உண்டு. அந்த ரொட்டியை மெல்லுவதற்குள் தாடை வலித்துவிடும். கல்லுக்குப் பக்கத்தில் ரொட்டி அடுக்கியிருப்பது கண்ணில் பட்டால் 'பாரு' என்று புதிதாகக் கேளுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமா, 'காரிங்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நாசி கண்டார் பினாங்கிலிருந்து வந்தது. நாசி என்றால் சோறு, கண்டார் என்பது காவடித்தண்டு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து விற்ற காலத்துப் பெயர். இப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தட்டுகள் வரிசையாக இருக்கும். கைகாட்டி வாங்க வேண்டியதுதான். 'பாஞ்சிர்' என்றால் வெள்ளம். அப்படிச் சொன்னால் மூன்று நான்கு குழம்புகள் சோற்றை மூழ்கடிக்கும். அதுதான் இதன் ருசியே. தனித்தனிக் கிண்ணத்தில் குழம்பு கேட்பவர்களைத் தடுப்பதற்கில்லை, ஆனால் அப்புறம் நாசி கண்டார் எதற்கு?

பணத்தகராறு வருவதும் இங்கேதான். கோழி, காய் விலையில் பெரிய ஏற்ற இறக்கம் வராது. பெரிய இறால், கணவாய், மீன்முட்டை, மீன்தலை ஆகியவற்றுக்கு அளவைப் பார்த்துத்தான் விலை. தட்டில் விழும் முன்பே 'பெராப்பா?' என்று கேட்டுவிட வேண்டும். குழம்பு ஊற்றியபின் திருப்பிக் கொடுக்க முடியாது.

'டாகிங்' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, 'கம்பிங்' ஆடு. சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். மிளகாய்த் தொக்கான சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும், ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, பருப்பில் மீன்குழம்புக் கரண்டி விழுந்திருக்கலாம். கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

2019 ஜனவரி முதல் உணவுக்கடைகளில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. திறந்தவெளி மேசைக்கும் அது பொருந்தும். சாப்பிட்டு முடித்ததும் 'கீரா' என்றால் கணக்குப் போட்டுத் தருவார்கள். பெரிய கடைகளில் 6 விழுக்காடு சேவை வரி சேரும். பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டுக் கிளம்பலாம். மேசையில் சில்லறை வைத்துவிட்டு வரும் வழக்கம் அங்கே இல்லை. வணக்கம்.