வாங்குவதற்குப் பணம் உண்டு, வைத்துக் காப்பதற்கு?

அவையோருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக நூலகத்தை நவீனப்படுத்தக் கேட்கும் திட்ட அறிக்கையில் கணினி இருக்கும், நூலில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் உணரும் ஆர்.எஃப்.ஐ.டி. வாயில் இருக்கும். அந்த வாயிலுக்கு ஐந்தாம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற வரி இருக்காது. பி.எம். உஷா போன்ற மத்திய அரசின் உயர்கல்வி நிதித் திட்டங்களில் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வருவது ஒருமுறைப் பணம். ஆகவே டெண்டரிலேயே கருவி விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பு விலையையும் கேளுங்கள். கூட்டுத்தொகையில் குறைந்தவரைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கருவியில் விட்டதைப் பராமரிப்பில் பிடித்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை நூற்பட்டியல். நியூசிலாந்தில் பிறந்த கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் இலவசம். இலவசம் என்றதும் நிதி அலுவலர் அந்த வரியையே அடித்துவிடுவார்! செலவு உழைப்பில் இருக்கிறது. 2 லட்சம் நூல்கள், ஒருவர் நாளுக்கு 60 பதிவு என்று வைத்தால் 3,333 ஆள்நாள். பத்துப் பேர் உட்கார்ந்தாலும் ஓராண்டில் முடியாது.

தமிழ் நூல்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. தமிழ் எழுத்தைக் கணினியில் சேமிக்கும் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் உள்ள பதிவுகளை அப்படியே ஏற்றினால் திரையில் கிறுக்கல்தான் வரும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினாலும் கவனம் தேவை: 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. 'கொங்கு' என்று தேடினால் அலமாரியில் இருக்கும் நூலே இல்லையென்று வரும். ஏற்றுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலில் இருப்புச் சரிபார்ப்பு, பிறகு கழிவு நீக்கம், பிறகு பதிவு. சில்லு ஒட்டுவது கடைசி. வரிசை மாறினால் கழிக்கவேண்டிய நூலுக்கும் சில்லு வாங்குவோம். சில்லு 13.56 மெகாஹெர்ட்ஸில், ஐ.எஸ்.ஓ. 15693 தரத்தில் இருக்கட்டும். அதில் எழுதும் தரவு ஐ.எஸ்.ஓ. 28560 முறையில் இருந்தால்தான் நாளை வேறு நிறுவனத்தின் கருவியும் படிக்கும். உலோகத்தாள் பூசிய அட்டையில் ஒட்டாதீர்கள், வாயில் அதை உணராது.

தொடர்செலவுக்கு எங்கே போவது? 2025 ஜனவரியில் தொடங்கிய, மத்திய அரசின் ஆய்விதழ்ச் சந்தாத் திட்டமான 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் சந்தாப் பட்டியலை அதோடு ஒப்பிட்டு, இரட்டிப்பாக வருபவற்றை நிறுத்துங்கள். மிஞ்சும் தொகையைப் பதிவுப் பணிக்குத் திருப்ப, கணக்குத் தலைப்பு மாற்றத்துக்கு நிதிக்குழுவின் ஒப்புதல் வாங்குங்கள். இந்தச் சந்தாத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 6,000 கோடி ரூபாய் 2027 வரைக்குத்தான். அதை நம்பி நிரந்தரப் பணியிடம் கேட்காதீர்கள்.