கடைசிப் படவில்லை (ஸ்லைடு) யாருக்கு?

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வாடகை அறையிலிருந்து பேசுகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டேன், ஒலிவாங்கியில் அதன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. வேர்த்தாலும் பரவாயில்லை. எல்லோரும் பசியாறிவிட்டீர்களா? நான் இன்னும் இல்லை. எட்டு மணிக்கு ஒத்திகை, அதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும்.

படிப்புப் பருவத்தின் 12ஆவது வாரம் இது. மூன்று பாடங்கள், மூன்று குழுக்கள், வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டிய மூன்று படைப்புகளும் இந்த ஒரே வாரத்தில். திங்களும் செவ்வாயும் முடிந்துவிட்டன. வியாழக்கிழமை ஒன்று மிச்சம். "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு, எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுகிற இன்னொன்றுக்கு வருகிறேன்.

நேரம். சுவரில் தெரிகிறதே, மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டி, அதுதான் என் கருவி. மூன்று குழுக்களின் நாள்களையும் மூன்று நிறத்தில் அதில் எழுதுவேன். கைப்பேசியில் குறித்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் கண்ணில் படும், மூன்றும் ஒரே வாரத்தில் மோதிக்கொள்வது சுவரில்தான் தெரிகிறது. இன்னொன்று, "இது முடிய இத்தனை நாள் ஆகும்" என்று என் மனது சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை. கனடாவில் 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடித்தபோது ஏறத்தாழ 55 நாள் ஆகியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து, மூன்று நாள் வேலை என்று தோன்றினால் நாள்காட்டியில் ஐந்து கட்டங்களை அடைத்துவிடுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். போன பருவத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கோலாலம்பூரின் திடீர் வெள்ளம்தான் தலைப்பு. ஐந்து பேர். வழக்கம்போலப் படவில்லை எண்களை வைத்துப் பிரித்துக்கொண்டோம். ஒன்று முதல் நான்கு வரை நீ, ஐந்து முதல் எட்டு வரை நான், இப்படி. படைப்புக்கு முந்தைய இரவு, மணி இரண்டு இருக்கும், எல்லாருடைய கோப்புகளையும் நான் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் நாள் வாரியாக மழை அளவு வரைபடம் போட்டிருந்தார். எனக்கு அது போதவில்லை. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். மாலையில் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும், மீதி நாளெல்லாம் ஒன்றும் இருக்காது. நாள் கணக்கில் பார்த்தால் அந்த இரண்டு மணி நேரத்தின் வேகம் தெரியாது. அதனால் மணி வாரியாக ஒரு வரைபடத்தை நானே போட்டு, அவருடையதை எடுத்துவிட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், எதற்கு எழுப்புவது என்று எண்ணிச் செய்தியும் அனுப்பவில்லை.

மறுநாள் அவர் முன்னால் நிற்கிறார். அந்தப் படவில்லை திரையில் வருகிறது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. விரிவுரையாளர் கேட்டார், "நாள் கணக்கை விட்டு மணிக் கணக்கை ஏன் எடுத்தீர்கள்?" நல்ல கேள்வி. விடை எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி கேட்கப்பட்டது அவரிடம். கையில் இருந்த குறிப்பட்டையை அவர் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வெளியே வந்த பிறகு ஒன்றுதான் சொன்னார்: "ஒரு செய்தி அனுப்பியிருக்கலாமே." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒருத்தி சுமப்பது பெருந்தன்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அவருடைய வேலையை நான் பறித்திருக்கிறேன்.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வோம் இல்லையா? அதை உண்மையாகவே அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அவர் கண்டதை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்த பலத்தில் பாதியளவுதான் வந்தது. சோம்பல் மட்டும் காரணம் இல்லை, எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதும் ஒரு காரணம். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். குரல் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் தேர் அசையாது. பின்னால், 1979இல் அமெரிக்காவில் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் இதையே சோதித்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரின் சத்தமும் குறைந்தது. 1981இல் வெளிவந்த அடுத்த சோதனையில், யாருடைய சத்தம் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும் என்றதும் அந்தக் குறைவு மறைந்துவிட்டது.

ஆகவே இந்தப் பருவத்தில் படவில்லை எண்ணை விட்டுவிட்டோம். கேள்விகளாகப் பிரித்தோம். ஒரு கேள்விக்கு ஒரு பெயர்.

வியாழக்கிழமை படைப்பு ஸ்மார்ட் சுரங்கத்தைப் பற்றியது, வெள்ள நீரும் வண்டிகளும் போகக் கோலாலம்பூரில் கட்டிய சுரங்கம் அது. 9.7 கிலோமீட்டர் நீளம், 2007இல் திறந்தார்கள். அதன் ஒரு பகுதியில் சாலை இருக்கிறது, மழை குறைவாக இருந்தால் அங்கே வண்டிகள் மட்டும்தான். கொஞ்சம் கூடினால் சாலைக்குக் கீழே தண்ணீர் ஓடும், மேலே வண்டிகளும் ஓடும். பெருமழை என்றால் வண்டிகளை வெளியேற்றிவிட்டுச் சுரங்கம் முழுவதையும் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். நாங்கள் நால்வர், எங்களிடம் இருந்தது மூன்று கேள்வி. நான்காவது தோழி கிளந்தானிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு முடிவுரையும் நன்றிப் படவில்லையும் என்று யாரோ புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதிவிட்டார்கள். கவனித்திருக்கிறீர்களா? எல்லாக் குழுவிலும் பேசாதவருக்குத்தான் நன்றிப் படவில்லை போகிறது. அதற்குப் பிறகு "அவர் ஒன்றுமே செய்யவில்லை" என்று நாமே குறை சொல்கிறோம். எனக்கு இது மனதை உறுத்துகிறது.

அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். என் பகுதியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் எனக்கே புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டார்: "சரிம்மா, அந்தத் தண்ணீரை எல்லாம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுவார்கள்?" நான் திகைத்துவிட்டேன். நால்வரில் ஒருவரும் அதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் அந்தக் கேள்வியைத் தோழியிடம் கொடுத்தேன். நன்றிப் படவில்லையை எடுத்துவிட்டோம். இரண்டே நாளில் வரைபடத்தோடு வந்துவிட்டார். கம்போங் பெரம்பாங்கில் கிள்ளான் ஆற்று வெள்ளத்தைத் திருப்பி எடுக்கும் குளம், அங்கிருந்து சுரங்கம், தாமான் டேசாவில் இன்னொரு குளம், அதன் பிறகு கெராயோங் ஆறு. நடு ஊரைத் தொடாமல் தண்ணீர் சுற்றிப் போகிறது. அந்தப் பாதையை மேசையில் விரலால் கோடிழுத்துக் காட்டிக்கொண்டே அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் சேர்த்திருக்கிறோம். ஒத்திகையில் யாரும் தன் பகுதியைப் பேசக் கூடாது, அடுத்தவருடையதைத்தான் பேச வேண்டும். யாருக்கு எது புரியவில்லை என்பது பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நேரம் இல்லாதவர்கள் இதை ஒரே ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

மணி ஏழு இருபது. ரயிலைப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு அந்தத் தோழியின் பகுதியைப் பேசப்போகிறவள் நான். இரண்டு குளங்களையும் பார்க்காமல் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.