ஈரத்தோடு மடித்த டென்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு சிவாஜிநகர் பக்கத்தில் தார்ப்பாய், பை, டென்ட் இவற்றையெல்லாம் தைத்துப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்கினால் பரணிலிருந்து இறக்கிய டென்ட்டைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். "அண்ணா, போன வருஷம்தான் வாங்கினோம். ஒரே தடவைதான் போட்டோம். இப்போ தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, புளிச்ச வாடை வேற அடிக்குது" என்பார்கள். கிழிசல் என்றால் தைத்துவிடலாம். ஜிப்பை மாற்றலாம், ஒடிந்த கம்பியை இணைக்கலாம். இந்தப் பிசுபிசுப்புக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை. நல்ல டென்ட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான வேலை. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

டென்ட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், இல்லாவிட்டால் நைலான். வெறும் நூல் மழையைத் தடுக்காது. அதனால் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கை ஒரு பக்கம் மெல்லிய படலமாகப் பூசுவார்கள். டென்ட்டின் அட்டையில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் துணி கசியாது என்று அர்த்தம். தரைத்துணியில் நாம் முழங்காலை ஊன்றி அழுத்துகிறோம், ஆகவே அதற்கு எண் கூடுதலாக இருப்பது நல்லது. இந்தப் பூச்சுக்கு எதிரி, ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்வது. நாள்கணக்கில் அப்படிக் கிடந்தால் தண்ணீர் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பிசுபிசுப்பும் வாடையும் அதனால்தான். அதற்கப்புறம் துவைத்தும் பயனில்லை.

சரி, மழையே பெய்யாத டிசம்பரில் ஈரம் எங்கிருந்து வருகிறது? சாவன்துர்கா மலைப் பக்கமோ கனகபுரா சாலையிலோ தோட்டத்தில் தங்கியவர்களுக்குத் தெரியும், விடியும்போது டென்ட்டின் மேல் போர்த்தும் வெளித்துணி, அதாவது மேல்துணி, சொட்டச் சொட்டப் பனியில் நனைந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால்தான் ஊருக்குள் டிராஃபிக்கில் மாட்டாமல் வரலாம். அதனால் அப்படியே சுருட்டிப் பையில் திணித்து டிக்கியில் போட்டுவிடுகிறோம். மறுநாள் பள்ளிக்கூடம், ஆபீஸ். டென்ட் டிக்கியிலேயே கிடக்கும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. டென்ட் கெட்டுப்போவது காட்டில் இல்லை, வீடு திரும்பிய அந்த வாரத்தில்.

வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் ஈரம் வரும். நான்கு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டால் அந்த நீராவி குளிர்ந்த மேல்துணியின் அடியில் துளித்துளியாகக் கோத்து நிற்கும். குழந்தையின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்ததும் "அப்பா, ஒழுகுது!" என்று எழுந்து உட்காரும். விரலை வைத்துப் பாருங்கள். தையல் ஓரமாக மட்டும் ஈரம் இருந்தால் ஒழுகல். துணி முழுக்க முத்து முத்தாகப் பரவியிருந்தால் அது நம் மூச்சு. குளிருக்குப் பயந்து காற்றோட்ட ஜன்னலை மூடுவதுதான் காரணம். அதைத் திறந்து வையுங்கள், குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். உள்ளே அடுப்பு மட்டும் பற்றவைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் என்பதோடு, அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும். கரி அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துக் கதகதப்புக்கு உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்களே, அதுவும் ஆபத்துதான்.

மேல்துணி, நாம் படுக்கும் உள்கூடாரத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஒட்டினால் ஈரம் உள்ளே இறங்கும். கட்டும்போது இழுத்துக் கட்டினால்தான் இந்த இடைவெளி கிடைக்கும். முதலில் கதவு ஜிப்புகளை மூடிவிட்டு நான்கு மூலைக்கும் முளை அடியுங்கள். ஜிப் திறந்திருக்கும்போது மூலைகளை இழுத்து அடித்தால் பிறகு கதவு மூட வராது. கம்பியைத் துணிக்குழாய்க்குள் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும், மறுமுனையிலிருந்து இழுக்கக் கூடாது. இழுத்தால் துண்டுகள் உள்ளே பிரிந்துகொள்ளும், அந்த நிலையில் வளைத்தால் ஃபைபர் கம்பி நார் நாராகப் பிளக்கும். முளையைச் சாய்த்து அடியுங்கள், தலை டென்ட்டைவிட்டு வெளியே சாய்ந்திருக்கட்டும். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பாருங்கள். நைலான் மேல்துணி ஈரம் பட்டால் தளரும்.

நம் பக்கத்துப் பூமி ஒரு சங்கடம். மேலே செம்மண், கொஞ்சம் கீழே கருங்கல் பாறை. ராமநகரா பக்கம் பாதி முளை இறங்கியதுமே கல்லில் முட்டி வளையும். அங்கே அடம்பிடிக்காமல் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்தால் அது டென்ட் தரையைவிடச் சிறியதாக இருக்கட்டும். ஓரம் வெளியே நீட்டினால் மழைத்தண்ணீரை ஏந்தி அடிக்குக் கொண்டுவந்துவிடும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தைலமரத் தோப்பு நிழலாக, அழகாக இருக்கும். ஆனால் காற்றில்லாத நாளிலும் அதன் கிளை முறிந்து விழுவதுண்டு, அதன் அடியில் போடாதீர்கள். காவிரிக் கரை மணலில், மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இரவோடிரவாக மட்டம் ஏறும். காவிரி வனவிலங்குச் சரணாலயம் யானை நடமாடும் காடு, வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும்தான் தங்கலாம். சாப்பாட்டுப் பையை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடி வந்தால் டென்ட் பாதுகாப்பே இல்லை, குழந்தைகளோடு காருக்குள் போய்விடுங்கள்.

இப்போது வீட்டு வேலை. திரும்பிய அன்றைக்கே, குளிப்பதற்கு முன்பே, பையை அவிழ்த்துவிடுங்கள். அபார்ட்மென்டில் இடம் ஏது என்று கேட்பீர்கள். மேல்துணியை பால்கனிக் கொடியிலும் உள்கூடாரத்தைச் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் மேலும் பிரித்துப் போட்டு ஃபேனைச் சுற்றவிடுங்கள். காலையில் தையல் மடிப்புகளைத் தடவிப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அவைதான். மொட்டைமாடி கிடைத்தால் நிழலில் போடுங்கள், நாள் முழுக்க உச்சி வெயில் பட்டால் துணி நைந்துவிடும். அழுக்கானால் பச்சைத் தண்ணீர், காரமில்லாத சோப்பு, ஒரு ஸ்பாஞ்சு போதும். வாஷிங் மெஷினும் சலவைத்தூளும் பூச்சை உரித்துவிடும். ஜிப் பல்லில் செம்மண் தூள் இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஜிப் தேய்வது அந்த மண்ணால்தான்.

வைக்கும்போது வாங்கின பையிலேயே இறுக்கித் திணிக்க வேண்டாம். பழைய காட்டன் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் கோடையில் கொதிக்கும், அது வேண்டாம். பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தால் எலி வரும், அதையும் உதறிவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மொட்டைமாடியில் டென்ட்டை நிறுத்தி, பூவாளியால் தையல் மேல் தண்ணீர் விடுங்கள். பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, ஈரம் தெரியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. காய்ந்தபின் அந்தக் கோட்டின் மேல் தையல் பசையைப் பூசி ஒரு நாள் விட்டால் போதும். கடைகளில் சின்ன ட்யூபில் கிடைக்கும், நீங்களே செய்துகொள்ளலாம். கோடு நிறைய இருந்தால் மட்டும் என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள்.

நன்றி, வணக்கம்.