எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் லேத் பட்டறை, கிரில் பட்டறை, ஃபவுண்டரி என்று இருபத்தாறு வருடமாக ஏறி இறங்கி, தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி போட்டுக் கொடுத்து வருகிறேன். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எட்டுப் பேர் வேலை செய்யற இடத்துக்கு இதெல்லாம் கட்டாயமாங்க?"

இன்சூரன்ஸ் போடுவதா வேண்டாமா என்பது முதலாளியின் முடிவாக இருக்கலாம். இழப்பீடு கொடுப்பது அப்படி இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக ஒருவருக்கு அடிபட்டால் முதலாளிதான் கொடுக்க வேண்டும். அவன் கவனமில்லாமல் கையை விட்டான் என்று சொல்லித் தப்ப முடியாது. 1923-லிருந்து இருக்கிற சட்டம் இது. இப்போது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்படை மாறவில்லை.

ஒரு பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். கணபதிப் பக்கம், பவர் பிரஸ்ஸில் வாஷர் அடிக்கிற இடம். வேலை செய்தது எட்டுப் பேர். "அஞ்சு பேருக்கு மட்டும் போடுங்கண்ணா, மத்தவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க" என்றார் முதலாளி. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபாய்.

அடுத்த தை மாதம் ஒரு பையனுக்கு வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. முப்பது வயது, மாதம் 16,000 ரூபாய் சம்பளம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெரிய கட்டோடு கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிட்டார். கட்டைவிரல் இல்லாத கையால் பொத்தான் போட முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கணக்கைச் சொல்கிறேன், மெதுவாகவே சொல்கிறேன். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குச் சட்டத்தில் உள்ள காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. கட்டைவிரல் இழப்புக்கு அதில் 30 சதவீதம். ஆக 5,61,546 ரூபாய். அதே வயதில் உயிரே போயிருந்தால், சம்பளத்தில் 50 சதவீதத்தை எடுத்துப் பெருக்கி 15,59,850.

எட்டுப் பேர் வேலை செய்த இடத்தில் ஐந்து பேருக்குத்தானே பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எட்டில் ஐந்து பங்குதான் தந்தது. மீதி இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு முதலாளி வீட்டு நகை அடகுக்குப் போனது. அதுவும் தாமதமாக. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி. காரணமில்லாத தாமதம் என்று இழப்பீட்டைத் தீர்மானிக்கிற அரசு அதிகாரி கருதினால் அபராதம் வேறு, இழப்பீட்டில் பாதி வரை போகலாம். அந்த அபராதத்தை எந்த பாலிசியும் கொடுக்காது.

அதனால்தான் போகிற இடமெல்லாம் நோட்டு போடுங்கள், நோட்டு போடுங்கள் என்கிறேன். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். பெயர், வயது, சேர்ந்த தேதி, வாரச் சம்பளம், கையெழுத்து. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள். பிரீமியம் போடுவது மொத்தச் சம்பளத்தை வைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. பிரஸ் ஓட்டுகிறவருக்குக் கூடுதல், ஆபீசில் உட்காருகிறவருக்குக் குறைவு. இழப்பீடு போடுவது வயதை வைத்து. இரண்டுக்கும் ஆதாரம் அந்த நோட்டுதான். ஆள் கூடினால் ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டு பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செலவும், கான்ட்ராக்டில் வருகிற ஆட்களும் அதில் அடக்கமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்று. ஆள் இறந்துபோனால், குடும்பத்திடம் நேரில் பணம் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியாது. இழப்பீட்டை அந்த அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். இறந்தவரின் குழந்தைகளுடைய பங்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. வந்துவிடும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. ஆனால் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிற சூப்பர்வைசர் அதில் வரமாட்டார், அவருக்குத் தனியாக பாலிசி வேண்டும். அப்புறம், வீட்டுக்கும் வேலைக்கும் போகிற வழியில் நடக்கிற விபத்தும் புதிய சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. வேலையோடு தொடர்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் போகிறவர்கள் உங்களிடம் இருந்தால், அவர்கள் வந்துபோகிற நேரத்தையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். வணக்கம்.