பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர்

அவையோருக்கு வணக்கம்.

இனப்படுகொலையின் சமூகவியல் என்ற தலைப்பு கடல் மாதிரி. நான் கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான ருவாண்டாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1994 ஏப்ரல் 6 இரவு, தலைநகர் கிகாலியில் இறங்க வந்த குடியரசுத் தலைவர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சுட்டது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்குள் போனால் பொழுது விடிந்துவிடும். அன்றிரவு தொடங்கிய கொலைகள் ஜூலை நடுவரை நடந்தன. இறந்தவர்கள் 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை என்று ஆய்வாளர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் என்கிறது அந்நாட்டு அரசு. பெரும்பாலோர் சிறுபான்மை இனமான துட்சிகள்; கொன்றவர்கள் பெரும்பான்மை இனமான ஹூட்டுகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் அவர்களோடு செத்தார்கள்.

அப்போது உலகப் பத்திரிகைகள் பல இதைப் பழங்குடிச் சண்டை என்று எழுதின. அரசு நொறுங்கியது, மனிதன் மிருகமானான் என்று ஒரு கதை. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே நிர்வாகம் நொறுங்கவில்லை, ஒழுங்காக வேலை செய்தது. அதனால்தான் நூறு நாளில் அத்தனை பேரைக் கொல்ல முடிந்தது.

ஹூட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே மொழி. ஒரே மலைச்சரிவில் வீடு, ஒரே தேவாலயம், பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. பிரிவு முன்பே இருந்ததுதான். அதை 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுத்தது. அப்பன் எதுவோ பிள்ளையும் அதுவே. 1962இல் சுதந்திரம் வந்தது, அட்டை மட்டும் போகவில்லை. 1994இல் சாலைத் தடுப்பில் கத்தியோடு நின்றவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான்.

அப்புறம், பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. எந்த வீட்டில் யார், எத்தனை பேர் என்பது அவருக்கு அத்துப்படி. ‘உமுகண்டா’ என்ற கூட்டுழைப்பும் இருந்தது: ஊரே கூடி ரோடு போடும், வாய்க்கால் வெட்டும். வராதவன் பதில் சொல்ல வேண்டும். அதே ஆட்கள், அதே அழைப்பு, அதே அதிகாரிகள். இந்த முறை கொல்லக் கூப்பிட்டார்கள். வர மறுத்தவர்களிடம் அபராதமாகப் பணமோ பீர் மதுவோ வாங்கிய ஊர்களும் உண்டு. பின்னாளில் ஆய்வாளர்கள் சிறைகளில் பேட்டி கண்டபோது, எதிரே உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முன்பு எந்த வழக்கிலும் சிக்காத விவசாயிகள், பிள்ளைகுட்டிக்காரர்கள்.

சரி, அதற்குப் பிறகு எப்படி வாழ்வது? கணவனை இழந்தவள் எத்தனையோ பேர், ஆனால் நிலத்தில் பெண்ணுக்கு வாரிசுரிமை இல்லை. மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் 1999இல்தான் வந்தது. சிறைகளில் ஒரு லட்சத்துக்கு மேல் கைதிகள், நீதிபதிகள் பலர் செத்தோ ஓடியோ போயிருந்தார்கள். ஆகவே ‘கச்சாச்சா’ என்ற பழைய ஊர்ப் பஞ்சாயத்தை அரசு சட்டம் போட்டு மாற்றியமைத்தது. 2005இல் நாடு முழுக்கப் பரவி 2012இல் முடிவதற்குள், ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தன.

காட்சியைச் சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள், புல்தரை. பெஞ்சில் நீதிபதிகள், சட்டம் படித்தவர்கள் அல்லர், ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள். தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை. இளஞ்சிவப்புச் சிறை உடுப்பில் கைதி. எதிரே அவனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள். தண்டனை எத்தனை வருடம் என்பதற்கு முன்பே பல பெண்கள் கேட்டது, உடலை எங்கே போட்டாய் என்பதுதான். கழிப்பறைக் குழியா, வாழைத் தோப்பா? ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், அதனால் சிலர் இடத்தைக் காட்டினார்கள். சிலர் பாதி மட்டும் சொன்னார்கள்.

நீதியாகப் பார்த்தால் கச்சாச்சா அரைவேக்காடு. வக்கீல் கிடையாது. நிலத்தகராறுக்காகப் பொய்ப்புகார் கொடுத்தவர்களும் உண்டு. போரில் வென்று ஆட்சிக்கு வந்த ஆர்.பி.எஃப். (துட்சிகள் தலைமையிலான கிளர்ச்சி அமைப்பு) படையினர் செய்த கொலைகளை அங்கே பேசவே முடியாது. ஆனாலும் கொலைக்கு ஆள் திரட்டிய அதே அக்கம்பக்கத்தைச் சாட்சி சொல்லவும் உட்கார வைத்தார்களே, அதற்கு இணையான சோதனை எனக்குத் தெரிந்து வேறெங்கும் நடக்கவில்லை.

உமுகண்டா இன்றும் உண்டு, மாதத்தின் கடைசி சனிக்கிழமை. அடையாள அட்டையில் இனம் இல்லை. பொதுவெளியில் ஹூட்டு, துட்சி என்று பேசினால் வழக்கு வரலாம். அதனால் அங்கே களஆய்வுக்குப் போகிறவருக்கு ஒரு சிக்கல்: பிரிவு தேய்ந்ததா, வாய்க்குள் அடங்கியதா என்று நேரடியாகக் கேட்க முடியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகிறார், யாரிடம் கடன் கேட்கிறார் என்று சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். இதற்கிடையே நீண்ட தண்டனை பெற்றவர்கள் இப்போது ஒவ்வொருவராக விடுதலையாகி, பழைய பக்கத்து வீட்டுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.