நிலம் முதலில், நகர்வு பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஜூன் மாதம் தேசியப் புலிகள் காப்பக ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிக்குள் இன்னும் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இருக்கின்றன, இடமாற்றத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று அது கேட்டது. 1973-ல் புலிகள் திட்டம் தொடங்கியது முதல் அதுவரை வெளியேறியவை 257 கிராமங்கள், சுமார் 25,000 குடும்பங்கள். ஐம்பது ஆண்டுகளில் நடந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இனி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதனால்தான் முதல் 257 ஊர்களில் எது சரியாக நடந்தது, எது இடறியது என்று இப்போதே பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்த்த 38வி பிரிவும், அதே ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் உள்ள 4(2) பிரிவும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் வகுக்கின்றன. அந்தப் பகுதியில் வன உரிமைகளை, அதாவது நிலத்தின் மேலும் காட்டின் விளைபொருள்களின் மேலும் மக்களுக்கு உள்ள உரிமைகளை, அங்கீகரிக்கும் வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். அங்கே மக்கள் இருப்பது விலங்குகளுக்கும் வாழிடத்துக்கும் மீளாத கேடு செய்கிறது என்று நிறுவ வேண்டும். சேர்ந்து வாழ வேறு நியாயமான வழி இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். பிழைப்புக்கு வழிசெய்யும் மறுவாழ்வுத் திட்டம் கையில் இருக்க வேண்டும். கிராம சபை விவரம் அறிந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராகும்வரை ஒரு குடும்பமும் நகரக் கூடாது.

இதில் முதல் படிதான் பெரும்பாலும் தாண்டிப் போகப்படுகிறது. உரிமைக் கோரிக்கைகள் கோட்ட அளவில் தேங்கிக் கிடக்கும்போதே இடமாற்றக் கணக்கெடுப்பு தொடங்கிவிடுகிறது. தன்னிடம் என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாத ஒருவர், அதை விட்டுக்கொடுக்க எப்படிச் சம்மதிப்பார்? சாலை போடாமல், மின்சாரம் தராமல், தேனெடுக்கவும் விறகு பொறுக்கவும் விடாமல் பத்து ஆண்டுகள் நெருக்கிவிட்டு, பிறகு நீட்டும் தாளில் வைத்த கைநாட்டைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கிற ஊரில் உரிமையும் அடிப்படை வசதியும் கொடுத்துவிட்டு, அதன்பின் கேளுங்கள். அப்போது சிலர் போகிறேன் என்பார்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பக்கமாக, யானைக்குப் பயப்படாமல் வாழ விரும்பும் குடும்பங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவர்களுடைய விருப்பத்தையும் மதிக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 2008-ல் ஒரு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று ஆணையம் நிர்ணயித்தது. 2021-ல் அது 15 லட்சமானது. குடும்பம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு தானே வேறிடம் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அரசே நிலமும் வீடும் அமைத்துத் தரும். இரண்டாவது வழிக்கு 2008 வழிகாட்டுதல் போட்ட கணக்கு இது: 2 ஹெக்டேர் விளைநிலம் வாங்கித் திருத்த 35 சதவீதம், உரிமைகளுக்கு ஈடாக 30, மனையும் வீடும் 20, ஊக்கத்தொகை 5, சாலை, குடிநீர், சுடுகாடு போன்ற பொது வசதிகளுக்கு 10. பத்து லட்சத்தில் 35 சதவீதம் மூன்றரை லட்சம். 2 ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 5 ஏக்கர். ஆக ஏக்கருக்கு 70,000 ரூபாய், திருத்தும் செலவும் அதற்குள்ளேயே. பதினைந்து லட்சத்துக்கு இதே விகிதத்தைப் போட்டாலும் ஏக்கர் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். தண்ணீர் வசதியுள்ள நிலம் இந்த விலைக்கு எங்கே கிடைக்கும்? கிடைக்காததால்தான் பலர் ரொக்கத்தின் பக்கம் தள்ளப்படுகிறார்கள். ரொக்கம் வருகிற நாளிலேயே தரகரும் வந்து நிற்கிறார். வில்லங்கமுள்ள நிலம், பட்டா மாற்ற முடியாத நிலம், ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பது என்று ஏமாற்று வேலைகள் பல. தொகையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கில் போட்டு, நிலப் பதிவு முடிந்த பிறகே பெரும் தவணையை விடுவிப்பது இதற்கு எளிய தடுப்பு.

குடும்பம் என்பதற்கான விளக்கத்தையும் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பிய மகன், மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பம். 18 வயது நிரம்பிய மணமாகாத மகளும் அப்படித்தான். கைம்பெண், மணமுறிவு பெற்ற பெண், பெற்றோர் இருவரையும் இழந்த சிறார், எந்த வயதிலும் மாற்றுத்திறனாளி ஆகியோரும் தனித்தனிக் குடும்பமாகக் கணக்கில் வருவார்கள். கணக்கெடுப்புக்கும் நகர்வுக்கும் நடுவில் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டால், இடையில் 18 நிரம்பியவர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். நகரும் ஆண்டில் பட்டியலைத் திரும்பச் சரிபார்ப்பது என்று கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

இனி நிலம். கர்நாடகத்தின் பத்ரா சரணாலயத்திலிருந்து 2001, 2002 வாக்கில் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. அவர்களுக்குப் பாசன வசதியுள்ள நிலமும் காப்பி விளையும் நிலமும் கிடைத்தன. அந்த ஊர்கள் காட்டுக்குள் இருந்தபோதே உழவர் ஊர்கள்தான். ஓர் உழவரை ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு மாற்றியது போல அது நடந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் பேச்சும் நடந்திருந்தது. இந்திய இடமாற்றங்களில் தேறியது என்று பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான்.

மத்தியப் பிரதேசத்தின் குனோ சரணாலயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1998 முதல் 2003 வரை 24 கிராமங்கள் வெளியேறின. பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் கிடைத்தது, ஆனால் அதில் பெரும்பகுதி கல்லும் கரடுமான மானாவாரி நிலம். காட்டில் அவர்களுக்குப் பணமாக வந்த பெரிய வருமானம் மரப்பிசின். அது நின்றது. கீரை, கிழங்கு, விறகு, தீவனம் என்று விலையில்லாமல் வந்ததெல்லாம் விலைக்கு வந்தன. கூலி தேடிக் குடும்பத்தோடு வெளியூர் போவது வழக்கமாயிற்று. கிர் சிங்கங்களைக் கொண்டுவருவதற்காகத்தான் அந்த ஊர்கள் காலியாயின. 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் சிங்கம் வரவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து வந்தவை சிவிங்கிப் புலிகள்.

இடமாற்றத்தின் ஆபத்துகளைச் சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா எட்டாகப் பிரித்தார். நிலமின்மை, வேலையின்மை, வீடின்மை, ஒதுக்கப்படுதல், உணவுப் பற்றாக்குறை, நோய், பொதுச் சொத்துகளை இழத்தல், உறவுகள் சிதறுதல். நம் திட்டங்களின் பண ஒதுக்கீடு வீட்டுக்கும் நிலத்துக்கும்தான் நேராகப் போகிறது. பொதுக் காட்டின் இழப்பை மதிப்பிட வேண்டுமானால், ஒரு குடும்பம் ஓர் ஆண்டு முழுதும், மாதவாரியாக, காட்டிலிருந்து என்னென்ன எடுத்தது என்று பதிய வேண்டும். ஒரே நாள் கணக்கெடுப்பில் தேன் பருவமும் பிசின் பருவமும் பிடிபடாது.

நிலத்தை ஏற்பதற்கு முன் கோடையில் போய்ப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். சில இடங்களில் ஒரு மீட்டர் குழி தோண்டி, மண் எவ்வளவு ஆழம், எங்கே பாறை முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே ஆடுமாடு மேய்க்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் முதல் ஆண்டிலேயே சண்டை வரும். ஒதுக்கிய இடம் வன நிலமாக இருந்தால், அதை வருவாய் நிலமாக வகை மாற்றும் ஆணையைக் கையில் வாங்க வேண்டும். அது இல்லாமல் முறையான பட்டா இல்லை, பட்டா இல்லாமல் பயிர்க்கடனோ அரசுத் திட்டங்களோ எளிதில் வராது.

காட்டுக்கு என்ன ஆகிறது? நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காப்பகத்தில் 1970-ல் 66 ஆகக் குறைந்திருந்த பாரசிங்கா மான்கள் மீண்டதற்கு, சோன்ஃப் போன்ற ஊர்கள் காலியாகிப் புல்வெளியானதும் ஒரு காரணம். ஆனால் ஊர் போனால் காடு தானாகத் திரும்பிவிடும் என்ற எண்ணம் தவறானது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1982-ல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எருமை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த நீர்ப்புல் அதன்பின் மண்டி, ஏரிப் பரப்பை அடைத்தது. மேய்ச்சல் அந்தச் சதுப்புநிலத்துக்கு உதவியாகவே இருந்தது என்று பல ஆண்டு ஆய்வுக்குப் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே எழுதியது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு வைக்கும் சிறு தீ நிறுத்தப்பட்ட பின், உண்ணிச்செடி (லண்டானா) காட்டின் அடித்தளம் எங்கும் பரவியது. அதே மலையில் 2011-ல் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. மக்கள் இருக்கிறார்கள், புலிகளும் இருக்கின்றன.

ஆகவே காலியான ஊரில் வேலை மிச்சமிருக்கிறது. கம்பிவேலியை அகற்ற வேண்டும், திறந்த கிணற்றை மூட வேண்டும். இல்லையென்றால் மான் சிக்கும், யானைக் கன்று விழும். உழுத நிலத்தில் முதலில் ஏறுவது உண்ணிச்செடிதான். அதை மேலாக வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாகத் தழைக்கும். காய் பிடிக்கும் முன், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். பறவை உட்காரும் மரங்களின் அடியில் விதை விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளும் அங்கே நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். கூடவே உள்ளூர்ப் புல் விதையைத் தூவ வேண்டும். இந்த வேலையை அங்கே வாழ்ந்தவர்களுக்கே கூலியோடு கொடுக்கலாம். எந்தப் புல் எந்த மாதம் விதைவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் அளக்க வேண்டும். காட்டின் ஓரத்தில் குடியேறிய ஊரின் விறகுத் தேவை இப்போது மையப் பகுதியைச் சுற்றியுள்ள வெளிமண்டலக் காட்டின் மேல் விழுகிறது. உள்ளே கேமரா வைத்துப் புலியை எண்ணுகிறவர்கள், வெளியே அந்த ஓரக் காட்டில் வெட்டுப்பட்ட மரங்களையும் எண்ணினால்தான் இடமாற்றத்தால் காட்டுக்கு நிகர லாபமா, நட்டமா என்று தெரியும்.

கடைசியாக, கிராம சபைத் தீர்மானத்தில் விட்டுப்போகும் இரண்டு வரிகள். காலியாக்கிய இடத்தைப் பின்னால் வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்று வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவே சொல்கிறது. சுற்றுலா விடுதிக்கும் அது பொருந்தும் என்று ஊர் தன் தீர்மானத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம். அடுத்தது, முன்னோரைப் புதைத்த இடத்துக்கும் கோயிலுக்கும் ஆண்டுக்கு எத்தனை முறை, எந்த வழியாக, எத்தனை பேர் வந்துபோகலாம் என்பது. வாய்ச்சொல்லாக விட்டால், அடுத்த வனச்சரகர் மாறி வந்ததும் வாசலில் நிறுத்துவார்கள்.

வணக்கம்.